போன் படத்தை டிவியில் வரவைப்பது எப்படி? பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு கேபிள் வழிகாட்டி

பெங்களூரில் பிஜியிலோ (பேயிங் கெஸ்ட் விடுதி) வாடகை வீட்டிலோ குடியேறும் பலருக்கும் முதல் மாதத்திலேயே இந்தத் தேவை வந்துவிடுகிறது. சுவரில் ஓனர் மாட்டிவைத்த டிவி இருக்கும். கையில் போனோ டேப்லெட்டோ ஊரிலிருந்து எடுத்துவந்த பழைய வீடியோ பிளேயரோ இருக்கும். இரண்டையும் இணைக்க வேண்டும். வைஃபை வழியாக அனுப்பலாமே என்று தோன்றும். பிஜி வைஃபையில் அது பெரும்பாலும் நடக்காது. போன் நம்பர் போட்டு லாகின் செய்யும் வைஃபைகளில், ஒருவருடைய கருவி இன்னொருவருடைய கருவியைப் பார்க்க முடியாதபடி ரூட்டரிலேயே தடுத்திருப்பார்கள். பாதுகாப்புக்கு அது நல்லதுதான். ஆனால் உங்கள் போனுக்கும் டிவியே தெரியாமல் போய்விடும். ஆகவே கேபிள்தான் நம்பகமான வழி.

வேலை சின்னதுதான், வரிசை மாறினால்தான் காசும் விடுமுறை நாளும் வீணாகும். எனக்கு இது சரியாக அமைய நிறையவே இழுத்தது. "எல்லா போனுக்கும் ஓடும் சார்" என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்த கேபிள், என் போனில் எந்தக் காலத்திலும் ஓடியிருக்க முடியாது என்பது பிறகுதான் தெரியவந்தது. திரும்ப வாங்கிக்கொள்ளவும் மறுத்துவிட்டார்கள். அதே கேபிளை அதே வார்த்தையைச் சொல்லி இன்னும் எத்தனையோ பேருக்கு விற்றிருப்பார்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். முதலில் கருவி, அடுத்து டிவி, கடைசியில்தான் கேபிள்.

செலவைப் பொறுத்தவரை, எல்லாம் பொருந்தி வந்தால் ₹200-இலும் முடியும். டைப்-சி அடாப்டர் தேவைப்பட்டால் ₹800 முதல் ₹2,500 வரை ஆகும். கீழே சொல்லும் விலைகள் எல்லாமே தோராயமானவை, கடைக்குக் கடை மாறும். நேரம் என்று பார்த்தால், சோதித்துப் பார்க்க ஒரு மாலை, வாங்கி மாட்ட ஒரு சனிக்கிழமை போதும்.

1. உங்கள் கருவியிலிருந்து படம் வெளியே வருமா?

இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. ஓட்டை ஒரே மாதிரி இருப்பதால் படம் வரும் என்று அர்த்தமில்லை. டைப்-சி என்பது அந்த ஓட்டையின் வடிவத்துக்குப் பெயர், அவ்வளவுதான். அதற்குள் சார்ஜ் மட்டும் போகலாம், சார்ஜும் ஃபைலும் போகலாம், இரண்டோடு படமும் போகலாம். படம் போவதற்கு போனுக்குள்ளேயே தனி ஏற்பாடு வேண்டும். அதற்கு டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்று பெயர். விவரப் பட்டியலில் நீங்கள் தேட வேண்டிய சொல் அதுதான். அது இல்லாத போனில் எவ்வளவு விலையுயர்ந்த கேபிளைச் செருகினாலும் டிவியில் "நோ சிக்னல்" என்றுதான் வரும்.

எந்தப் போன்களில் இருக்கும்? சாம்சங்கில் கேலக்ஸி எஸ்8 தொடங்கி எஸ் வரிசைப் போன்களில் உண்டு. அதே கம்பெனியின் ஏ வரிசை, எம் வரிசைப் போன்களில் பெரும்பாலும் கிடையாது. ஐபோன் 15, 16 வரிசைகளில் உண்டு. அதற்கு முந்தைய ஐபோன்கள் லைட்னிங் போர்ட் கொண்டவை, அவற்றுக்கு வேறு அடாப்டர். கூகுள் பிக்சலில் 8 வரிசைக்கு 2024-இல் வந்த மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு இது இயங்குகிறது. டேப்லெட்களில், 2018 ஐபேட் ப்ரோவிலிருந்து டைப்-சி உள்ள ஐபேட்கள் எல்லாவற்றிலும் படம் வெளியே வரும். சாம்சங் டேப் ஏ வரிசையில் வராது. ₹20,000-க்குக் கீழே விற்கும் ஆண்ட்ராய்டு போன்களில் இந்த வசதி மிக அரிது. உங்களிடம் அப்படிப்பட்ட போன் இருந்தால் கேபிள் தேடி அலைய வேண்டாம், நேராக 8-ஆம் பகுதிக்குப் போய்விடுங்கள்.

உறுதி செய்வதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, போன் செட்டிங்ஸில் "அபவுட் போன்" பகுதிக்குப் போய் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் வரும் பெயர் போதாது, எழுத்தும் எண்ணும் கலந்த முழு மாடல் எண் வேண்டும். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு உள்ளமைப்போடு விற்பதுண்டு. கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடி, யுஎஸ்பி என்ற வரியைப் பாருங்கள். "டிஸ்ப்ளேபோர்ட்" அல்லது "வீடியோ அவுட்" என்று இருந்தால் பிரச்சினை இல்லை. யுஎஸ்பி 2.0 என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் வராது. இதற்கு விதிவிலக்கும் உண்டு: ஐபோன் 15-இன் டேட்டா வேகம் யுஎஸ்பி 2.0 அளவுதான், ஆனாலும் படம் போகும். 3.1, 3.2 என்று இருந்தால் வாய்ப்பு அதிகம், ஆனால் உறுதி இல்லை.

இரண்டாம் வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது, காசும் ஆகாது. நீங்கள் ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவராக இருந்தால், மேசை மானிட்டரிலோ மீட்டிங் அறை டிவியிலோ லேப்டாப்பைச் செருகும் டைப்-சி கேபிள் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். ஆள் இல்லாத நேரத்தில் அனுமதி கேட்டு அதில் உங்கள் போனைச் செருகிப் பாருங்கள். படம் வந்தால் போனில் வசதி இருக்கிறது. வராவிட்டால் உடனே முடிவு கட்ட வேண்டாம். சில அலுவலக டாக்குகள் (லேப்டாப்பை மானிட்டரோடு இணைக்கும் பெட்டிகள்) டிஸ்ப்ளேலிங்க் என்ற வேறு தொழில்நுட்பத்தில் இயங்குபவை, அவற்றுக்குத் தனிச் செயலி வேண்டும். மானிட்டரிலேயே நேராகச் செருகும் டைப்-சி கேபிளில் சோதிப்பதுதான் சரியான சோதனை.

மூன்றாவது, கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குவது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பழைய கருவிகளுக்கு வேறு கணக்கு. பழைய மைக்ரோ யுஎஸ்பி போன்களில் சிலவற்றில் படத்தை வெளியே அனுப்ப எம்எச்எல் என்ற வசதியும், வேறு சிலவற்றில் ஸ்லிம்போர்ட் என்பதும் இருந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இன்றைய போன்களில் இரண்டுமே இல்லை. கடையில் இன்னும் எம்எச்எல் அடாப்டர்களைத் தொங்கவிட்டிருப்பார்கள், விலையும் குறைவாக இருக்கும். உங்கள் போன் அந்தக் காலத்தது என்று உறுதியாகத் தெரிந்தால் தவிர வாங்காதீர்கள். கேமரா, கேம்கோடர் போன்றவற்றில் மினி எச்டிஎம்ஐ அல்லது மைக்ரோ எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும் (எச்டிஎம்ஐ என்பது படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கொண்டுபோகும் இணைப்பு). பழைய கையடக்க வீடியோ பிளேயர்களில் ஹெட்போன் ஓட்டை போலவே ஒரு ஏவி அவுட் (படமும் ஒலியும் வெளியே வரும் பழைய வகை ஓட்டை) இருக்கும். லேப்டாப்பில் எச்டிஎம்ஐ இருந்தால் கவலையே இல்லை.

2. டிவியின் பின்பக்கத்தைப் படம் எடுங்கள்

வாடகை வீட்டு டிவி சுவரோடு ஒட்டி மாட்டியிருக்கும், பின்னால் தலை நுழையாது. போன் கேமராவில் ஃப்ளாஷ் போட்டு, கையை நுழைத்து வீடியோ எடுங்கள். எத்தனை எச்டிஎம்ஐ இருக்கிறது, அதில் எது காலி, பக்கவாட்டில் இருக்கிறதா கீழ்ப்பக்கமா, சுவருக்கும் ஓட்டைக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். இடம் குறைவாக இருந்தால் விறைப்பான தடித்த கேபிள் நுழையாது, எல் வடிவ முனை கொண்டது வேண்டும். டிவியின் மாடல் எண் ஸ்டிக்கரும் அந்த வீடியோவில் வரட்டும். கடையில் அதைக் காட்டினாலே பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும்.

டிவியைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டியிருந்தால் ஓனரிடமோ பிஜி மேனேஜரிடமோ வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு தொடுங்கள். கழற்றும் முன் டிவி ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் ஒரு வீடியோவும் எடுத்துவையுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் என்று வந்தால் இவைதான் உங்களுக்கு ஆதாரம்.

டிவியில் இருக்கும் யுஎஸ்பி ஓட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பென்டிரைவுக்கானது. போனின் சார்ஜ் கேபிளை அதில் செருகினால் போன் மெதுவாக சார்ஜ் ஆகும், திரையில் ஓடும் படம் டிவிக்கு வராது.

எச்டிஎம்ஐ ஓட்டை ஒன்றில் ஏஆர்சி என்று எழுதியிருக்கும், டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் ஓட்டை அது. சவுண்ட்பார் இருந்தால் அது அதற்கு வேண்டும், வேறு ஓட்டை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என மூன்று வட்ட ஓட்டைகள் இருந்தால் அவை ஏவி. புதிய டிவிகளில் இந்த மூன்றும் இல்லாமல் "ஏவி இன்" என்று ஒரே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதற்கான குட்டி இணைப்பு வயர் டிவி வாங்கிய பெட்டியில் வந்திருக்கும், ஓனரிடம் கேளுங்கள். சில டிவிகளில் மஞ்சளுக்குப் பதில் பச்சை ஓட்டை, பக்கத்தில் "வீடியோ / ஒய்" என்று எழுதியிருக்கும். மஞ்சள் முனையை அந்தப் பச்சையில் செருக வேண்டும்.

3. எதற்கு எந்தக் கேபிள், எவ்வளவு ஆகும்

படம் வெளிவரும் டைப்-சி போன் அல்லது டேப்லெட் இருந்தால் இரண்டு வழிகள். ஒரு முனை டைப்-சி, மறுமுனை எச்டிஎம்ஐ என்று ஒரே கேபிளாக வருவது ஒன்று. சின்ன அடாப்டர் தனி, எச்டிஎம்ஐ கேபிள் தனி என்று வாங்குவது இன்னொன்று. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். கேபிள் மட்டும் பழுதானால் கேபிளை மட்டும் மாற்றலாம், அடாப்டரை அலுவலகத்துக்கும் எடுத்துப்போகலாம். அடாப்டரில் பிடி (பவர் டெலிவரி) என்று குறித்த சார்ஜ் ஓட்டை இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் போனின் ஒரே ஓட்டையை டிவி பிடித்துக்கொள்ளும், கிரிக்கெட் மேட்ச் முடிவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். சார்ஜ் வசதியோடு வருபவை ₹1,000-க்கு மேல் ஆகும். 4கே டிவியாக இருந்தால் 30 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா (நொடிக்கு எத்தனை முறை படம் மாறும்) என்று கேளுங்கள். சினிமா பார்க்க 30 போதும். விளையாட்டு, கேம் என்றால் 60 வேண்டும்.

எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றரை மீட்டர் ₹150 முதல் ₹400 வரை. "ஹை ஸ்பீட்" என்று குறித்தது முழு எச்டி டிவிக்குத் தாராளமாகப் போதும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு "பிரீமியம் ஹை ஸ்பீட்" என்று குறித்ததைக் கேளுங்கள். தங்க முலாம், ₹2,000 கேபிள் என்றெல்லாம் போக வேண்டாம், வீட்டு உபயோகத்தில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. நீளத்தில்தான் கவனம் தேவை. ஐந்து மீட்டரைத் தாண்டினால் மலிவுக் கேபிள்களில் படம் விட்டுவிட்டு வர ஆரம்பிக்கும். கட்டிலிலிருந்து டிவி வரை நூல் பிடித்து அளந்துகொண்டு போங்கள்.

வீட்டில் இருக்கும் டைப்-சி சார்ஜ் கேபிளை வைத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள். சார்ஜரோடு வரும் கேபிள்கள் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0, படத்தைக் கொண்டுபோகும் கம்பிகள் அவற்றுக்குள் இருக்காது.

லைட்னிங் ஐபோனுக்கு ஆப்பிளின் டிஜிட்டல் ஏவி அடாப்டர் இருக்கிறது, 1080பி (முழு எச்டி) வரை காட்டும். விலை அதிகம். மலிவுப் போலிகளில் சார்ஜர் செருகினால்தான் படம் வரும், அப்படியும் ஓடிடி செயலிகள் பலவற்றில் திரை கறுப்பாகிவிடும். வாடகை வீட்டில் கொஞ்ச காலத்துக்குத்தான் என்றால், அந்தக் காசை டிவியில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றுக்குப் போடுவது மேல். வீட்டுக்கென்று தனி இணைப்பு எடுத்தவர்களுக்குத்தான் இது சரிவரும், பிஜி வைஃபையின் லாகின் பக்கத்தில் ஸ்டிக்கும் திணறும்.

பழைய வீடியோ பிளேயர் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படியுங்கள். ஹெட்போன் முனை போல ஒரு பக்கம், மூன்று நிற முனைகள் மறுபக்கம் என்று ஏவி கேபிள் ₹80-க்கும் கிடைக்கும். எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே ஒன்றுபோல இல்லை. அந்தச் சின்ன முனையில் மூன்று கறுப்புக் கோடுகள், அவை பிரிக்கும் நான்கு உலோகப் பகுதிகள் இருக்கும். எந்தப் பகுதியில் படம், எதில் ஒலி, எதில் எர்த் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். தவறான கேபிளில் படத்துக்குப் பதில் "ர்ர்ர்" என்ற இரைச்சலும் கோடுகளும் வரும். அப்போது டிவிப் பக்கத்து மூன்று முனைகளையும் நிறம் பார்க்காமல் இடம் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். மஞ்சளில் சிவப்பு, வெள்ளையில் மஞ்சள் என்று மாற்றும்போது சில சமயம் எல்லாம் சரியாகிவிடும். இதனால் டிவிக்குக் கெடுதல் எதுவும் வராது. எப்படி மாற்றினாலும் சரியாகவில்லை என்றால் எர்த் இடம் மாறியிருக்கிறது, வேறு கேபிள்தான் வாங்க வேண்டும்.

கன்வர்ட்டர் வாங்கும்போது திசையைப் பாருங்கள். புதிய கருவியைப் பழைய ஏவி டிவியில் காட்ட "எச்டிஎம்ஐயிலிருந்து ஏவி" கன்வர்ட்டர் வேண்டும். பழைய பிளேயரை, ஏவி ஓட்டையே இல்லாத புதிய டிவியில் காட்ட "ஏவியிலிருந்து எச்டிஎம்ஐ" வேண்டும். இரண்டும் ஒரே வெள்ளைப் பெட்டி, ஒரே அளவு, ₹350 முதல் ₹600 வரை. ஒன்றை மற்றொன்றாகப் பயன்படுத்தவே முடியாது. இரண்டுக்கும் தனியாக யுஎஸ்பி மின்சாரம் வேண்டும், டிவியின் யுஎஸ்பி ஓட்டையிலிருந்தே கொடுக்கலாம். பழைய டிவியில் சினிமா பார்க்க இது போதும். மெனு எழுத்துகள் மங்கலாகத்தான் தெரியும்.

4. எங்கே, எப்போது வாங்குவது

கருவியைச் செருகிப் பார்த்து வாங்க, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுதான் நல்ல இடம். மெட்ரோ பச்சை வழித்தடத்தில் சிக்பேட்டையில் இறங்கி நடக்கலாம், பஸ்ஸில் வந்தால் டவுன் ஹால் நிறுத்தம் பக்கம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். புதிதாக வந்தவர்கள் அன்றுதான் கிளம்பிப் போய் ஏமாறுகிறார்கள். சனிக்கிழமை காலை பதினொன்று வாக்கில் போனால் கூட்டம் சேர்வதற்குள் கடைக்காரருக்குச் சோதித்துக் காட்டப் பொறுமை இருக்கும். மாலை ஐந்துக்கு மேல் அந்தக் குறுகலான தெருவில் நிற்கவே இடம் இருக்காது.

போனையும் அதன் சார்ஜரையும் டிவியின் பின்பக்க வீடியோவையும் மறக்காமல் கொண்டுபோங்கள். பல கடைகளில் தமிழில் பேசினால் புரிந்துகொள்வார்கள், இந்தியும் ஓடும். "டெஸ்ட் மாடி தோர்சி" என்று கன்னடத்தில் கேட்டால் முகம் மலர்ந்து எடுத்துக் காட்டுவார்கள். சோதித்துக் காட்டுங்கள் என்று அர்த்தம். மானிட்டர் இல்லை, வீட்டில் போய்ப் பாருங்கள் என்று சொல்லும் கடையில் டைப்-சி அடாப்டர் வாங்காதீர்கள். வெறும் எச்டிஎம்ஐ கேபிள் என்றால் பரவாயில்லை. பேரம் உண்டு, முதலில் சொல்லும் விலை முடிவானதில்லை.

சோதிக்கும்போது படம் வந்தவுடன் "சரி, போதும்" என்று எடுத்துவிடாதீர்கள். ஒரு ஐந்து நிமிடம் வீடியோ ஓடட்டும். ஒலி மானிட்டருக்குப் போகிறதா, சார்ஜரைச் செருகினால் படம் அறுந்துபோகிறதா, நீங்கள் காசு கட்டிப் பார்க்கும் ஓடிடி செயலி ஓடுகிறதா என்று மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு பொறி. "எந்தப் போனுக்கும் ஓடும்" என்று ஒரு வகைக் கேபிள் விற்கிறார்கள். அதன் பெட்டியில் ஒரு க்யூஆர் கோடு இருக்கும், அதை ஸ்கேன் செய்து ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். திரையில் நடப்பதை எல்லாம் அந்தச் செயலி படித்து அனுப்புகிறது. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் செயலிக்குத் திரையைப் பார்க்கும் அனுமதி கொடுப்பது, யுபிஐயும் வங்கிச் செயலியும் இருக்கும் போனில் மிகவும் ஆபத்தானது. விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் வேண்டாம்.

ஆன்லைனில் வாங்கினால், திருப்பிக் கொடுக்கும் வசதி பணத்துக்கா மாற்றுப் பொருளுக்கா என்று வாங்கும் முன்பே பாருங்கள். "ரீபிளேஸ்மென்ட் மட்டும்" என்றிருந்தால், உங்கள் போனுக்கு ஒத்துவராத அடாப்டருக்குப் பதில் அதே ஒத்துவராத அடாப்டர் இன்னொன்று வரும்.

5. பில்

அச்சடித்த பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண், தேதி, பொருளின் பெயரும் மாடலும், வாரன்டி காலம் ஆகியவை இருக்க வேண்டும். கேபிள், அடாப்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். "பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்பார்கள். ₹150 கேபிளுக்கு உங்கள் இஷ்டம். ₹1,000-க்கு மேல் போனால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். தெர்மல் தாளில் அச்சடித்த பில் சில மாதங்களில் வெளுத்துவிடும், கடையிலிருந்து கிளம்பும் முன்பே படம் எடுத்துவையுங்கள். பெட்டியையும் வாரன்டி காலம் முடியும் வரை தூக்கிப் போட வேண்டாம்.

பில் இருந்தும் பழுதான பொருளை மாற்றித் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம். பில்லின் படமும் கடைக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் கையில் இருக்கட்டும்.

6. மாட்டும் வரிசை

டிவியையும் கருவியையும் அணைத்துவிட்டு மாட்டுவது நல்லது. பல பழைய வீடுகளில் பிளக் பாயின்ட்டில் எர்த் சரியாக இருக்காது, லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுரீர் என்று இருக்கும். எச்டிஎம்ஐ முனையை டிவியில் செருகுங்கள், அடாப்டருக்குச் சார்ஜர் கொடுங்கள், கடைசியாகப் போனைச் செருகுங்கள். டிவியைப் போட்டு, ரிமோட்டில் "சோர்ஸ்" அல்லது "இன்புட்" அழுத்தி நீங்கள் செருகிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். எச்டிஎம்ஐ 2-இல் செருகிவிட்டு 1-இல் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

போனின் பூட்டைத் திறந்து வையுங்கள். சாம்சங் போன்களில் டெக்ஸ் (கம்ப்யூட்டர் போன்ற திரை) வேண்டுமா, திரையை அப்படியே காட்ட வேண்டுமா என்று கேட்கும். படம் பார்க்க இரண்டாவது போதும். விண்டோஸ் லேப்டாப்பில் விண்டோஸ் பொத்தானோடு பி எழுத்தை அழுத்தி "டூப்ளிகேட்" கொடுங்கள். பழைய வீடியோ பிளேயரில் மெனுவுக்குள் போய் "டிவி அவுட்" என்பதை நீங்களே ஆன் செய்ய வேண்டும், கேபிள் செருகினால் மட்டும் வராது.

7. படம் வருகிறது, ஆனால் சரியில்லை

ஒலி மட்டும் போனிலேயே வந்தால், முதலில் ப்ளூடூத் ஹெட்செட் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பில் ஸ்பீக்கர் குறியைத் தொட்டு வெளியீட்டை டிவியின் பெயருக்கு மாற்றுங்கள். பழைய லேப்டாப்களில் செருகும் விஜிஏ கேபிளில் ஒலி போகவே போகாது, அதற்குத் தனி ஆடியோ வயர் வேண்டும்.

யூடியூப் ஓடுகிறது, கட்டணச் செயலியில் மட்டும் திரை கறுப்பு, ஒலி மட்டும் கேட்கிறது என்றால் அது எச்டிசிபி என்ற, நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு. போன், அடாப்டர், டிவி மூன்றுமே அதை ஏற்றுக்கொண்டால்தான் படம் வரும். நடுவில் மலிவு அடாப்டரோ ஏவி கன்வர்ட்டரோ இருந்தால் தடுத்துவிடும். செட்டிங்ஸில் இதற்கு மருந்து இல்லை, அடாப்டரை மாற்றத்தான் வேண்டும். சந்தாவையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நெட்ஃபிளிக்ஸின் மொபைல் திட்டம் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டுமானது, டிவிக்கு அல்ல.

ஓரங்கள் வெட்டுப்பட்டு, கீழே ஓடும் சப்டைட்டில் பாதி தெரிந்தால் டிவியின் படச் செட்டிங்கில் எல்ஜியில் "ஜஸ்ட் ஸ்கேன்", சாம்சங்கில் "ஸ்கிரீன் ஃபிட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்ற டிவிகளில் "ஓவர்ஸ்கேன்" என்றிருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள்.

பழைய பிளேயரில் படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ மேலும் கீழும் உருண்டாலோ, மெனுவில் என்டிஎஸ்சி, பிஏஎல் என்ற டிவி சிக்னல் முறைகளின் தேர்வைத் தேடுங்கள். இந்தியாவுக்கு பிஏஎல். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பிளேயரில் என்டிஎஸ்சி போட்டிருக்கும்.

சில நொடிகளுக்கு ஒருமுறை திரை கறுத்துத் திரும்பினால், பெரும்பாலும் கேபிள் 4கே வேகத்தைத் தாங்கவில்லை. லேப்டாப்பில் தெளிவை 1080பிக்குக் குறைத்துப் பாருங்கள். நின்றுவிட்டால் கேபிளை மட்டும் மாற்றினால் போதும். அடாப்டர் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. தொட முடியாத அளவு சுட்டால் உடனே கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

8. போனிலிருந்து படம் வரவே வராது என்றால்

பெரும்பாலான போன்களின் நிலை இதுதான், வருத்தப்பட ஒன்றுமில்லை. ஊர்த் திருவிழா வீடியோ, அக்கா கல்யாண வீடியோ, குழந்தை நடக்கப் பழகிய வீடியோ என்று நீங்களே எடுத்தவற்றைக் காட்டத்தான் வேண்டும் என்றால் பென்டிரைவ் போதும். ஒரு பக்கம் டைப்-சி, மறுபக்கம் சாதாரண யுஎஸ்பி உள்ள 64 ஜிபி பென்டிரைவ் சுமார் ₹500 முதல் ₹900. போனில் செருகி ஃபைல் செயலியில் நகலெடுத்து, டிவியில் செருகி, சோர்ஸில் யுஎஸ்பியைத் தேர்ந்தெடுங்கள். ஓடிடி செயலிக்குள் டவுன்லோட் செய்த படங்கள் இப்படி ஓடாது.

பென்டிரைவ் ஃபேட்32 அமைப்பில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை ஏற்காது. கல்யாண வீடியோ பாதியில் நின்றுபோவது இதனால்தான். எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தால் தீரும். ஆனால் பழைய டிவிகள் சில எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது, அவற்றுக்கு என்டிஎஃப்எஸ் முயன்று பாருங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளிருப்பதெல்லாம் அழியும், முதலில் நகல் எடுத்துவிடுங்கள்.

ஃபைல் தெரிகிறது, "சப்போர்ட் இல்லை" என்று வருகிறது என்றால் வீடியோவின் உள்வடிவம் டிவிக்குப் புரியவில்லை. ஐபோனிலும் புதிய ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றிலும் எச்இவிசி என்ற வடிவில் பதிவாகும், பழைய டிவிகள் அதை ஓட்டாது. ஐபோனில் கேமரா செட்டிங்ஸ், ஃபார்மேட்ஸ், "மோஸ்ட் கம்பாட்டிபிள்" என்று மாற்றிவிட்டால் இனி எடுப்பவை ஓடும். ஏற்கெனவே எடுத்தவற்றை லேப்டாப்பில் எச்.264 எம்பி4 ஆக மாற்றுங்கள், ஒலி ஏஏசியாக இருக்கட்டும். படம் ஓடி ஒலி மட்டும் வராவிட்டால் அது பெரும்பாலும் டிவிக்குப் புரியாத டிடிஎஸ் போன்ற ஒலி வடிவமாக இருக்கும், அதற்கும் இதே மாற்றம்தான்.

தமிழ் சப்டைட்டில் வேண்டுமானால் சப்டைட்டில் இருக்கும் எஸ்ஆர்டி ஃபைலுக்கும் வீடியோவுக்கும் ஒரே பெயர் வைத்து, ஒரே ஃபோல்டரில் போட்டு, யூடிஎஃப்-8 என்ற தேர்வோடு சேமியுங்கள். அதன் பிறகும் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் அந்த டிவியில் தமிழ் எழுத்துரு இல்லை. சப்டைட்டிலை வீடியோவிலேயே பதித்து மாற்றிவிடுங்கள், லேப்டாப்பில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளிலேயே அதைச் செய்யலாம். இரண்டு மணி நேரப் படத்துக்குப் பழைய லேப்டாப் நேரம் எடுக்கும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.